சாவி யார் இடுப்பில்?

கேள்வி: எனக்கு 61 வயது. பத்து வருடமாக விடியற்காலையில் இரண்டு மணி நேரம் பாராயணம். இப்போது உதடுதான் அசைகிறது, மனம் ஒட்டவில்லை. தூக்கமும் சரியில்லை. லீவுக்கு வந்த பேத்தி வேறு, பிள்ளையாருக்குச் சொப்பில் காப்பி வைக்கிறேன் என்று கீழே கொட்டிவிட்டாள். அதட்டிவிட்டு, சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மனம் ஒன்றுவதற்கு வேறு என்ன படிக்கலாம்?
- ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஒன்றும் படிக்க வேண்டாம் ஆச்சி. படித்தது போதும். எனக்கு அந்தச் சாவியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பேத்தி எதையும் எடுக்க வரவில்லை, கொடுக்க வந்தாள். பிள்ளையாருக்கும் காலையில் சூடாக ஏதாவது வேண்டியிருக்கும் என்று உங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது. அவளை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டு, உள்ளே ஈரமே இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்!

உங்கள் பக்கத்துத் திருக்கோட்டியூரில்தான் பெரியாழ்வார் கண்ணனைப் பிறக்கவைத்துப் பாடினார். ஆயர்பாடிப் பிள்ளையை நம் சீமைக்குத் தூக்கி வந்த கற்பனை அது. எண்ணெயும் சுண்ணப்பொடியும் வாரித் தூவி முற்றமே சேறானது என்கிறார். துடைத்துவிடு என்று யாரையும் அதட்டவில்லை. உங்களுக்கு ஒரு சொப்புக் காப்பி பொறுக்கவில்லை.

நம் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று என்ன செய்கிறோம்? 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். பல்லுப்போன ஐயாக்கள்கூட வரிசையில் நிற்பார்கள். அதில் விளையாட்டே இல்லையா?

வின்னிகாட் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், விளையாட முடியாத நோயாளியை விளையாடும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் வைத்தியரின் வேலை என்று எழுதினார். உங்களுக்கு அந்த வைத்தியர் லீவு போட்டு வீட்டுக்கே வந்திருக்கிறாள். (தூக்கமின்மை தொடர்ந்தால் டாக்டரிடம் போங்கள். அதையும் பிள்ளையார் தலையில் கட்டாதீர்கள்.)

பேரப்பிள்ளைக்குச் சாமியைப் பழக்கிவிடுவது அப்பத்தாவின் கடமை. பாராயணமெல்லாம் அதற்கு அப்புறம்தான். இருபது வயதில் அவளைக் கோயிலுக்குக் கூப்பிட்டால், பூட்டும் உங்கள் குரலும்தான் அவளுக்கு ஞாபகம் வரும்.

நாளைக் காலை சாவியை அவள் கையில் கொடுங்கள். சொப்பில் ஊற்றியதும், சர்க்கரை போதுமா என்று பிள்ளையாரிடம் நீங்களே கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும், கேளுங்கள். தரை துடைக்க ஒரு பழைய துணியும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.