விரால் அடிப்பான் குறைந்தால் கடலோரத்துக்கு என்ன நஷ்டம்?

விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே) மீனைப் பிடித்துத் தின்னும் வேட்டைப் பறவை. மீன் தொகையைக் கட்டுக்குள் வைப்பதுதான் இந்தப் பறவையின் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் அது சின்னப் பங்கு. கடலோரத்தில் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் காட்டிக்கொடுப்பதுதான் இதன் பெரிய பங்கு.

இதன் உணவு கிட்டத்தட்ட முழுக்க மீன். அதுவும் கூட்டைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரில் பிடிப்பது. நீரில் கலந்த நஞ்சு நுண்ணுயிர், சிறுமீன், பெருமீன் என்று படிப்படியாகச் செறிந்து கடைசியில் இதன் உடலில் சேர்கிறது. வருடாவருடம் அதே கூட்டுக்குத் திரும்புவதால் எண்ணிப் பார்ப்பதும் எளிது.

அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்று முகத்துவாரத்தில் 1950, 60களில் இந்தப் பறவைகள் வேகமாகக் குறைந்தன. முட்டைகள் பொரியவே இல்லை. தப்பு கூட்டிலா, முட்டையிலா? 1960களின் இறுதியில் பால் ஸ்பிட்சர் என்ற ஆய்வாளர் மேரிலாந்து மாநிலத்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்தார். அவை நன்றாகப் பொரிந்தன! அப்படியானால் பெற்றோர் பராமரிப்பில் குறையில்லை, முட்டையில்தான் கோளாறு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடலுக்குள் சிதைந்து உருவாகும் பொருள் முட்டை ஓட்டை மெலிதாக்கியிருந்தது. 1972இல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது, பறவைகள் மெல்ல மீண்டன. கழுகுகளும் கூழைக்கடாக்களும்கூட இதனால் பிழைத்தன.

இப்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவின் சில பகுதிகளில் வேறொரு பிரச்சினை. குஞ்சுகள் பொரிகின்றன, ஆனால் பல கூட்டிலேயே பட்டினியால் சாகின்றன. மென்ஹேடன் என்ற மத்தி இன மீன் போதுமான அளவு கிடைக்காததே காரணம் என்கிறார்கள் அங்குள்ள ஆய்வாளர்கள்; மீன்பிடித் தொழில்துறையினர் அதை ஏற்கவில்லை. அந்த மீனை நம்பித்தான் வரிக்கொடுவா என்ற பெரிய மீனும் இருக்கிறது என்பதால், இந்தக் குஞ்சுச் சாவை அலட்சியப்படுத்தவே கூடாது.