குதிரை வால்முடியை யாரை நம்பிக் கொடுப்பது?

கேள்வி: என் அப்பா சிங்கப்பூரின் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடல் லாயத்தில் குதிரை பார்த்தவர். 2024 அக்டோபர் 5-இல் அங்கே கடைசிப் பந்தயம் முடிந்த பிறகு, அவர் வளர்த்த செவலைக் குதிரையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உரிமையாளரிடம் கேட்டு வாங்கிய ஒரு கொத்து வால்முடி மட்டும் அலமாரியில் இருக்கிறது. அதை வைத்து ட்ரீம்கேட்சர் (நடுவில் வலை பின்னி, கீழே இழைகள் தொங்கவிடும் வளைய அலங்காரம்) செய்து, அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. இணையத்தில் ஒரு வெளிநாட்டுக் கைவினைஞர் 180 வெள்ளி கேட்கிறார். பணத்தையும் முடியையும் மொத்தமாக முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம். அனுப்பலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முடியை மொத்தமாக அனுப்பவே அனுப்பாதீர்கள். 180 வெள்ளி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த வால்முடியை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

வளையத்திலிருந்து தொங்கும் இரண்டு மூன்று பின்னல்களுக்குப் பென்சில் தடிமன் கொத்து தாராளம். பாதியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் முடியைத் திருப்பித் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

திரும்பி வருவது உங்கள் குதிரையின் முடிதானா என்பதுதான் பெரிய சிக்கல். சவரி வைத்துப் பின்னிய தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை, பின்னிவிட்டால் எது யார் முடி என்று தெரியாது. ஒரு இழையைக் கொளுத்திப் பார்த்தால் நைலானா முடியா என்று தெரியும், எந்தக் குதிரையுடையது என்று தெரியாது. வயலின் வில்லுக்கென்றே குதிரைமுடி விற்கிறார்கள், மாற்றி வைப்பது சிரமமில்லை. அதனால் பொட்டலத்தைப் பிரிப்பதையும் பின்னுவதையும் காணொளியாகக் கேளுங்கள். நல்ல கைவினைஞர் கோபப்பட மாட்டார்.

விலங்கு முடியை எல்லா நாடும் சும்மா உள்ளே விடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் ரொம்பக் கறார். அந்த நாட்டு விதியைப் பார்க்காமல் தபாலில் போடாதீர்கள்.

பணத்தைப் பாதி முன்பணம், பாதி வேலை முடிந்தபின் என்று பேசுங்கள். கடன் அட்டையில் கட்டினால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட வழியுண்டு. இங்கேயே செய்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தகராறு வந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அதிலும் தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வெளிநாட்டு ஆளை அங்கே இழுப்பது நடக்கிற காரியமில்லை.

‘அசல் பூர்வகுடிப் பொருள்’ என்று சொல்லி விலை ஏற்றினால் உஷார். ட்ரீம்கேட்சர் வட அமெரிக்காவின் ஒஜிப்வே மக்களுடையது, குழந்தையின் தொட்டிலுக்கு மேலே கட்டியது. பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாக விற்பது அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கொடுப்பதற்கு முன் முடியை மென்மையான ஷாம்பூவில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு முனையையும் நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், இந்த வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? பரிசு ரகசியமாக இருக்கட்டும் என்று நினைப்பது புரிகிறது. ஆனால் ஒரு நாள் அலமாரியைத் திறந்தவர், கொத்து பாதியாகிக் கிடப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கேட்டுவிட்டே எடுங்கள். பின்னலை நானே போடுகிறேன், வளையம் மட்டும் வாங்கி வா என்று அவரே சொன்னாலும் சொல்வார்.