கேஎஸ்எம்பிடி பிழை: கேள்வி பதில்

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும் கோப்புப் பகிர்வுச் சேவை கேஎஸ்எம்பிடி. அதிலிருந்த நினைவகப் பிழை (பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்: சிவிஇ-2022-47939) 2022 டிசம்பர் 22 அன்று பத்துக்குப் பத்து என்ற தீவிர மதிப்பெண்ணுடன் அறிவிக்கப்பட்டது.

கேள்வி: அலுவலகத்தில் சாம்பா ஓடுகிறது. நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். சாம்பா கர்னலுக்கு வெளியே ஓடும் தனிக் கோப்புப் பகிர்வு மென்பொருள். இரண்டும் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறைக்கே, 445 என்ற பிணைய வாயிலில் (போர்ட்) வேலை செய்வதால் வரும் குழப்பம் இது. ஏற்றப்பட்ட மாட்யூல்களின் (கர்னலில் தேவைக்கேற்பச் சேர்க்கும் பகுதிகள்) பட்டியலில் கேஎஸ்எம்பிடி இல்லையென்றால் இந்தப் பிழை உங்களைத் தொடாது.

கேள்வி: பிழை சரியாக எங்கே இருந்தது?

எஸ்எம்பி2-இல் (அந்த நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு) பல கட்டளைகளைக் கோத்து ஒரே செய்தியாக அனுப்பலாம். முதல் கட்டளை, பகிர்வு இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறது. சர்வர் அந்த இணைப்புக்குரிய நினைவகத்தை விடுவிக்கிறது. அதைச் சுட்டும் முகவரிக் குறிப்பை (பாயிண்டர்) மட்டும் அப்படியே விட்டுவிடுகிறது. பின்னால் வரும் கட்டளை அந்தப் பாயிண்டரைப் பிடித்துக்கொண்டு, இதற்கிடையில் வேறு எதற்கோ ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய இடத்தில் கை வைக்கிறது. விடுவித்த கையோடு பாயிண்டரை வெறுமையாக்குவதுதான் திருத்தம்.

கேள்வி: புதுப்பித்த பிறகும் உபுண்டு (லினக்ஸ் வகைகளில் ஒன்று) கர்னல் எண்ணை 5.15.0 என்றே காட்டுகிறதே?

லினக்ஸ் திட்டமே வெளியிடும் மூலக் கர்னலில் 5.15.61, 5.18.18, 5.19.2 ஆகியவற்றில் திருத்தம் உண்டு. உபுண்டு பழைய எண்ணிலேயே திருத்தங்களைச் சேர்க்கும். அதன் பாதுகாப்பு அறிவிப்பைப் பாருங்கள். கர்னலை நிறுவினால் மட்டும் போதாது. மறுதொடக்கம் செய்யும்வரை ஓடுவது பழைய கர்னல்தான்.

கேள்வி: வீட்டில் சாம்பா இருக்கிறது...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கேஎஸ்எம்பிடியைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. பத்து மதிப்பெண் வீண் பீதி இல்லையா?

இல்லை. கடவுச்சொல் இல்லாமல், தொலைவிலிருந்து, கர்னலின் அதிகாரத்தோடு நிரலை ஓட்ட வழி கிடைக்கிறது என்றால் பத்து நியாயமான மதிப்பெண். அந்த மாட்யூல் உங்கள் சர்வரில் ஓடுகிறதா என்பது மதிப்பெண்ணுக்குத் தெரியாது. நிர்வாகிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். திருத்தம் ஆகஸ்டிலேயே வெளியாகிவிட்டது. பிழையின் வகை திருத்தக் குறிப்பில் வெளிப்படையாக இருந்தது. சிவிஇ எண்தான் இல்லை. எண் வரட்டும் என்று காத்திருந்தவர்களின் சர்வர்கள் நான்கு மாதம் திறந்தே கிடந்தன. கர்னலின் நிலைப் பதிப்பு (திருத்தங்கள் சேர்ந்த வெளியீடு) வந்தால் முழுதாக ஏற்றுங்கள்; சிவிஇ எண் உள்ள திருத்தங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள்.

கேள்வி: கோப்புச் சேவையைக் கர்னலுக்குள் வைத்ததே தவறு என்கிறேன்.

என்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்புப் பகிர்வு சர்வரும் நெடுங்காலமாக அங்கேதான் இருக்கிறது. வேகம் கிடைக்கிறது, சிறிய கருவிகளுக்கு அது தேவை. ஆனால் கர்னலுக்கு வெளியே ஒரு செயல்முறையோடு முடியக்கூடிய தவறு, உள்ளே முழுக் கணினியையும் பறிகொடுக்க வைக்கிறது. இதில் நீங்கள் சொல்வது சரி. 2021-இல் கேஎஸ்எம்பிடி 5.15 கர்னலில் சேர்ந்தபோது அதற்குச் சோதனை நிலை என்ற முத்திரை இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் இணையத்துக்குத் திறந்துவிட்டவர்களையும் கேளுங்கள்.

கேள்வி: இப்போதைக்கு மறுதொடக்கம் முடியாது. ஃபயர்வாலில் 445-ஐ மூடினால் போதுமா?

போதாது. தீநிரல் தொற்றிய கணினி ஒன்று பிணையத்துக்கு உள்ளே இருந்தாலும் ஆபத்துதான். சேவையை நிறுத்தி, மாட்யூலை இறக்கி, அது மீண்டும் ஏறாதபடி தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பிறகு புதிய கர்னல், மறுதொடக்கம்.