மணிலாவில் நைட் ஷிஃப்ட்டா, ஹாங்காங்கில் வீட்டு வேலையா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சென்னை ஓஎம்ஆர்ல ஒரு பிபிஓ கம்பெனில குவாலிட்டி டீம்ல இருக்கேன். எங்களுக்கு ஃபிலிப்பைன்ஸ்ல மணிலாலயும் ஆபீஸ் இருக்கு, அங்க இருக்கிற ஒரு பொண்ணுகூட தான் மூணு வருஷமா தினமும் பேசிட்டிருக்கேன். டிகிரி முடிச்சவ, எங்க எல்லாரையும் விட இங்கிலீஷ் நல்லா பேசுவா, கஸ்டமர் எவ்வளவு கத்தினாலும் குரல உயர்த்த மாட்டா. போன வாரம் பேப்பர் போட்டுட்டேன்னு சொன்னா. எந்த கம்பெனின்னு கேட்டா, ஹாங்காங்ல வீட்டு வேலைக்குப் போறேங்கிறா! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க டீம்ல ரெண்டு பேர் கேட்டுட்டு சிரிச்சாங்க, அது எனக்குப் பிடிக்கல, ஆனா எனக்கும் ஒண்ணும் புரியல. ஏசில உக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு அடுத்தவங்க வீட்டு பாத்ரூம் கழுவ யாராவது போவாங்களா? அவளுக்கு ஆறு வயசுல பையன் வேற இருக்கான். நீங்க மணிலால இருந்தவங்க, அதான் கேக்குறேன். நான் அவகிட்ட ஏதாவது சொல்லணுமா?

(பேர் போட வேண்டாம் அக்கா)

அன்புள்ள தங்கச்சிக்கு,

போ, போகாதேன்னு நீ எதுவும் சொல்ல வேண்டியதில்ல, ஆனா அவங்ககிட்ட கேக்க வேண்டியது சிலது இருக்கு, அத கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி உன் டீம்ல சிரிச்சவங்களுக்காக ஒரு கணக்கு போட்டுடலாம்.

மணிலால நாலஞ்சு வருஷம் ஃபோன் எடுத்தவங்களுக்கு மாசம் இருபதாயிரம், இருபத்தஞ்சாயிரம் பெசோ (அந்த ஊர் காசு) வரும்னு வெச்சுக்கோ. ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் பாத்தா சட்டப்படி 10 சதவீதம் கூட வரும், டிசம்பர்ல பதிமூணாவது மாச சம்பளம் வரும். அந்த ஊர்ல சாதாரண தினக்கூலிய விட இது நல்ல சம்பளம் தான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஆபீஸ் இருக்கிறது மக்காத்தி, ஆர்ட்டிகாஸ் மாதிரி பெரிய கம்பெனிங்க இருக்கிற ஏரியால, அங்க தனியா ஒரு ரூம் எடுக்க முடியாது, ஆறு பேர் படுக்கிற ரூம்ல ஒரு கட்டில மட்டும் வாடகைக்கு எடுப்பாங்க, இல்லேன்னா ஊருக்கு வெளிய கவிட்டே, புலக்கான் பக்கத்துல இருந்து பஸ்ஸும் ஜீப்னியும் (நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுற பெரிய ஜீப்) மாறி மாறி ஒரு வழிக்கே ரெண்டு மூணு மணி நேரம் வருவாங்க. சாப்பாடு, கரண்ட் பில், பையனோட ஸ்கூல், அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் போனா, அங்க மாசத்துக்கு ரெண்டு தடவை சம்பளம் வந்தாலும், பதினஞ்சாம் தேதி வாங்கினது முப்பதாம் தேதி வரைக்கும் தாங்காது.

இப்ப ஹாங்காங்க பாரு. அங்க வீட்டு வேலைக்கு அரசாங்கமே குறைஞ்சபட்ச சம்பளம் நிர்ணயிச்சு வெச்சிருக்கு, 2024-ல 4,990 ஹாங்காங் டாலர், 2025 செப்டம்பர் கடைசில 5,100 ஆக்கினாங்க. பெசோல கிட்டத்தட்ட முப்பத்தேழு முப்பத்தெட்டாயிரம். தங்குறது முதலாளி வீட்டுல, சாப்பாடும் அவங்க பொறுப்பு, இல்லேன்னா சாப்பாட்டுக்குத் தனியா காசு தரணும், வர டிக்கெட்டும் போக டிக்கெட்டும் அவங்களே எடுக்கணும். ரெண்டு சம்பளத்தையும் பக்கத்துல வெச்சாலே வித்தியாசம் தெரியும், ஆனா மாசக் கடைசில எவ்வளவு மிஞ்சுதுன்னு பாத்தா தான் முழுசா புரியும். ஒருத்தருக்கு எதுவும் மிஞ்சல, இன்னொருத்தர் இருபத்தஞ்சாயிரம் ஊருக்கு அனுப்புறாங்க. தம்பியோட காலேஜ் ஃபீஸ், ஊர்ல இருக்கிற நிலம், தகரக் கூரைக்குப் பதிலா கான்கிரீட் வீடு எல்லாம் அந்த மிச்சத்துல தான் வரும். உன் ஃப்ரெண்ட் அவசரப்பட்டு முடிவெடுத்த மாதிரி எனக்குத் தோணல, பல ராத்திரி உக்காந்து கூட்டிக் கழிச்சு பாத்திருப்பாங்க.

இது அவங்க ஒருத்தங்க கதையும் இல்ல. ஃபிலிப்பைன்ஸுக்கு டாலர் கொண்டு வர்ற பெரிய வழிகள்ல ரெண்டு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறதும் கால் சென்டரும் தான். 2024-ல வெளிநாட்டுல இருக்கிற ஃபிலிப்பினோக்கள் பேங்க் வழியா அனுப்பினது சுமார் 34.5 பில்லியன் டாலர், கால் சென்டரையும் சேத்து மொத்த அவுட்சோர்ஸிங் துறை சம்பாதிச்சது சுமார் 38 பில்லியன், அதுல 18 லட்சம் பேருக்கு வேலை. முதல் வழிய 1974-ல அப்ப அதிபரா இருந்த மார்கோஸ் லேபர் சட்டம் போட்டு ஆரம்பிச்சு வெச்சார், உள்ளூர்ல வேலை இல்ல, வளைகுடால எண்ணெய்ப் பணம் கொட்டுது, ஆள் அனுப்பினா அந்நியச் செலாவணி வரும்ங்கிறது தான் கணக்கு, கொஞ்ச காலத்துக்குன்னு தொடங்கினது அம்பது வருஷம் தாண்டிடுச்சு. 1995-ல ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியன்ங்கிற வீட்டு வேலைக்காரப் பெண்ண சிங்கப்பூர்ல தூக்குல போட்டப்ப நாடே கொதிச்சுது, அந்த வருஷமே ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, பொருளாதார வளர்ச்சிக்காக ஆட்கள வெளிநாட்டுக்கு அனுப்புறத அரசு ஊக்குவிக்காதுன்னு அதுல எழுதியே வெச்சிருக்காங்க. 2021 கடைசில இதுக்குன்னே தனியா ஒரு அமைச்சகம் உருவாக்க சட்டம் போட்டாங்க! இத நினைச்சா எனக்குக் கோபம் தான் வருது, போறவங்க மேல இல்ல, அரை நூற்றாண்டா வேற வழி பண்ணித் தராதவங்க மேல.

ரெண்டாவது வழி 2000-க்கு அப்புறம் வேகமா வளந்தது. 2010 வாக்குல வாய்ஸ் வேலைல, அதாவது ஃபோன்ல பேசுற வேலைல, நம்மள தாண்டிட்டாங்க, உங்க ஓஎம்ஆர்ல இருக்கிற பழைய ஆட்களக் கேட்டா சொல்வாங்க. 2011-ல அங்க பெண்கள் ராத்திரி வேலை பாக்கக் கூடாதுங்கிற பழைய சட்டப் பிரிவையும் எடுத்துட்டாங்க. ஊர விட்டுப் போகாமலே டாலர் சம்பாதிக்கலாம், புள்ளைய விட்டுப் பிரிய வேண்டாம்னு எத்தனை பேர் நம்பி வந்தாங்க தெரியுமா. மக்காத்தில எங்க எதிர் வீட்டுல இருந்த ஒரு அம்மாவும் அப்படி வந்தவங்க தான்.

அவங்க நர்ஸிங் படிச்சு போர்டு எக்ஸாம் பாஸ் பண்ணவங்க. அவங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப அவங்க அம்மா சவூதில ஜெத்தாவுக்கு வேலைக்குப் போயிட்டாங்க, வளத்தது பாட்டி. ஃபோன் பண்ணா காசு அதிகம்னு அம்மா கேசட்ல பேசி பதிவு பண்ணி அனுப்புவாங்களாம், பல்லு வெளக்கினியா, தம்பிய அடிக்காத, லோலா (பாட்டி) சொல்றத கேளுன்னு. பாட்டி அத டேப்ல போட்டா ரெண்டு புள்ளைங்களும் ஸ்பீக்கருக்குப் பதில் சொல்வாங்களாம். அந்தக் கேசட்ட ஒரு பிஸ்கட் டப்பால வெச்சிருந்தாங்க, எனக்குக் காட்டினாங்க. என் பொண்ணுக்கு இது வேண்டாம்னு முடிவு பண்ணித் தான் ஆஸ்பத்திரிய விட்டுட்டு அமெரிக்க ஹெல்த் இன்ஷூரன்ஸ் கால் எடுக்கப் போனாங்க, ஆஸ்பத்திரிய விட அங்க சம்பளம் கூட.

ஆனா நடந்தது என்ன? காலைல எட்டு மணிக்கு இவங்க வீட்டுக்கு வரும்போது பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கும். ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியம் ஃபாயில் ஒட்டி பகல இருட்டாக்கிட்டுத் தூங்குவாங்க, எங்க பக்கம் இருந்து பாத்தாலே எந்தெந்த வீட்டுல நைட் ஷிஃப்ட் ஆள் இருக்காங்கன்னு அந்த ஃபாயில வெச்சு சொல்லிடலாம். பொண்ணு திரும்பி வந்து அம்மா தூங்குறாங்கன்னு மெதுவா நடக்கும். சாயங்காலம் ரெண்டு மணி நேரம், அவ்வளவு தான் ரெண்டு பேருக்கும். ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் இவ்வளவு தான் கிடைச்சுது, ஆனா அந்த ரெண்டு மணி நேரத்த அவங்க பொன்னா நினைச்சாங்க, நானே பாத்திருக்கேன்.

அப்புறம் தம்பிக்கு உடம்பு முடியாம போய் கடன் ஏறுச்சு, வெளிநாட்டுக்கு நர்ஸா போலாம்னு பாத்தா ஆஸ்பத்திரில நோயாளி பக்கத்துல நின்னு வேலை பாத்த அனுபவம் சமீபத்துல ரெண்டு வருஷமாவது வேணுங்கிறாங்க, கால் சென்டர்ல இருந்த வருஷம் எதுவும் கணக்குல வரல. இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல. ஊர்ல இருக்கலாம்னு எடுத்த வேலை, வெளிய போறதுக்கு இருந்த நல்ல கதவயும் மூடிடுது, மிஞ்சுறது வீட்டு வேலைக் கதவு. அவங்க பாதி சம்பளத்துக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரில திரும்பச் சேந்து, அனுபவத்த சேத்து, சவூதிக்குப் போனாங்க. பொண்ணுக்கு அப்ப பதினொரு வயசு, இப்ப வீடியோ கால் இருக்கு.

ஏஐ வந்தா கால் சென்டர் வேலை என்னாகும்ங்கிற பயமும் உன் ஃப்ரெண்ட் மனசுல ஒரு ஓரத்துல இருக்கும், உனக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். சாதாரண பில்லிங் கேள்வி, பாஸ்வேர்ட் ரீசெட் எல்லாம் மெஷினுக்குப் போயிட்டிருக்கு. வயசானவங்களப் பாத்துக்கிறது, குழந்தைய குளிப்பாட்டுறது அவ்வளவு சீக்கிரம் போகாது. முப்பது வயசுல இத யோசிச்சு முடிவெடுக்கிறவங்கள பாத்து சிரிக்க என்ன இருக்கு?

அதுக்காக ஹாங்காங் சொர்க்கம்னு சொல்ல வரல. முதலாளி வீட்டுலயே தான் தங்கணும்னு சட்டம், எத்தனையோ பேருக்கு தனி ரூம் கிடையாது. வேலை போனா ரெண்டு வாரத்துல நாட்ட விட்டுக் கிளம்பணும், அதனால முதலாளி மோசமா நடத்தினாலும் வாய மூடிட்டு இருக்கிறவங்க நிறைய. எத்தனை வருஷம் உழைச்சாலும் வீட்டு வேலை பாக்குறவங்களுக்கு அங்க நிரந்தரமா வசிக்கிற உரிமை கிடையாதுன்னு 2013-ல அங்க உச்ச கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. ஞாயித்துக்கிழமை ஹாங்காங்ல சென்ட்ரல்ங்கிற பேங்க் ஏரியால போய் பாத்தா பேங்க் கட்டடங்களுக்குக் கீழ அட்டைய விரிச்சு ஆயிரக்கணக்கான பெண்கள் உக்காந்து சாப்பிட்டு, நகம் வெட்டி விட்டு, ஊருக்கு அனுப்புற பெட்டில சோப்பும் டவலும் சாக்லேட்டும் அடுக்கிட்டு இருப்பாங்க.

இப்ப நீ கேக்க வேண்டியது. முதல்ல, ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினாங்கன்னு கேளு. வீட்டு வேலைக்குப் போறவங்ககிட்ட ஃபிலிப்பைன்ஸ் ஏஜென்சி பிளேஸ்மென்ட் ஃபீஸ் (வேலை வாங்கித் தர்றதுக்கான காசு) வாங்கவே கூடாது, 2006-ல இருந்தே விதி அது தான். ஹாங்காங் ஏஜென்சி முதல் மாச சம்பளத்துல 10 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாது. ஆனா ட்ரெய்னிங் ஃபீஸ்னு வேற பேர் வெச்சு வாங்குவாங்க, கையில காசு இல்லேன்னா அவங்களே ஒரு கடன் கம்பெனிய காட்டுவாங்க, அந்தக் கடன்ல மாட்டினா முதல் அஞ்சாறு மாச சம்பளம் வட்டிக்கே போயிடும், நான் மேல போட்ட கணக்கெல்லாம் தப்பாயிடும். பாஸ்போர்ட்ட அடமானமா யார்கிட்டயும் குடுக்க வேண்டாம்னு சொல்லு. அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கான்னு ஃபிலிப்பைன்ஸ்ல வெளிநாட்டு வேலைக்கான அமைச்சகத்தோட வெப்சைட்லயே பாக்கலாம், நீயும் கூட உக்காந்து பாத்துக் குடு. பையன் யார்கிட்ட இருக்கப் போறான்னும் கேளு, அவங்க பேச ஆரம்பிச்சா நடுவுல பேசாம கேளு.

இன்னைக்கு ராத்திரி கால்லயே கேட்டுடும்மா. பணம் கட்டி கையெழுத்து போட்டப்புறம் தெரிஞ்சா திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம்.

அன்புடன்,
அக்கா