கூட்டம் இருக்குது, வெள்ளக்காரரத்தான் காணோம்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல கோவளம் பத்தித்தானுங்க. சென்னைக்குப் பக்கத்துல இருக்கற கோவளம் இல்ல, திருவனந்தபுரத்துக்குத் தெக்கால இருக்கறது. லீவு விட்டா நம்ம பக்கத்து ஆளுக பாதிப் பேரு அங்கதான் இருக்காங்க போல, அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து வெச்சுட்டேன்.

ஏனுங்க, கல்யாணமான புதுசுல நானும் எங்க ஊட்டுக்காரரும் கோவளம் போனப்ப பீச் பூரா வெள்ளக்காரங்கதான் படுத்துக் கெடந்தாங்க. இப்ப கிறிஸ்துமஸ் லீவுக்குப் பசங்களக் கூட்டிட்டுப் போனா எங்க திரும்புனாலும் நம்மாளுகதான், பக்கத்து ரூம்லயே ஈரோட்டுக் குடும்பம். ஊரு டல்லாயிருச்சுங்களா?
– ஒரு வாசகி, பெருந்துறை

டல்லெல்லாம் ஆகலீங்க, ஆளு மாறிருச்சு. கேரளா டூரிசம் டிபார்ட்மென்ட் மாநிலம் முழுசுக்கும் போடற கணக்கையே எடுத்துக்குங்க. 2019ல வெளிநாட்டுக்காரங்க 11.89 லட்சம், உள்நாட்டு ஆளுக 1.83 கோடி. கொரோனாவுல ரெண்டும் படுத்துருச்சு, 2021ல வெளிநாட்டுக்காரங்க வெறும் 60 ஆயிரத்துச் சொச்சம். அதுக்கப்புறம் நம்மாளுக கிடுகிடுன்னு எந்திரிச்சுட்டாங்க, 2022லயே 1.88 கோடி, 2024ல 2.22 கோடி. வெளிநாட்டுக்காரங்க 2024லயும் 7.38 லட்சத்துலதான் நின்னாங்க, அதாவது பழைய கூட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல அப்பவும் திரும்பி வரல. கோவாவுலயும் இதே கதைதான். 2019ல 9 லட்சத்துக்கு மேல இருந்த வெளிநாட்டுக்காரங்க 2024ல 4.67 லட்சம், ஆனா மொத்தக் கூட்டம் ஒரு கோடியத் தாண்டிருச்சு.

ஏன் வரலைன்னு கேட்டா ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்க. 2018ல நிபா, அதே வருஷம் ஆகஸ்ட்ல வெள்ளம், 2019ல ஜெட் ஏர்வேஸ் படுத்துச்சு, அந்த செப்டம்பர்லயே பிரிட்டன்ல தாமஸ் குக் டூர் கம்பெனி திவாலாச்சு (நம்ம நாட்டுல இருக்கற தாமஸ் குக் வேற கம்பெனி, கொழப்பிக்க வேண்டாம்), அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள கொரோனா. இதுல இன்னொண்ணு நெம்பப் பேருக்குத் தெரியாது, கேரளாவுக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்கள்ல பல வருஷமா மொத எடம் பிரிட்டிஷ்காரங்களுக்குத்தான், அவுங்களுக்கு இ-விசா திரும்பக் கெடைச்சதே 2022 டிசம்பர்லதான். அந்த சீசனுக்கு லண்டன்ல உக்காந்து டிக்கெட் போடறவன் விசாவுக்கு நேர்ல அலையணும்னா என்ன பண்ணுவான், இலங்கைக்கோ தாய்லாந்துக்கோ போயிருவான். ரஷ்யாக்காரங்களுக்கு 2022 மார்ச்சுல விசா கார்டு, மாஸ்டர் கார்டு ரெண்டும் வெளிநாட்டுல வேலை செய்யாமப் போச்சு, கையில பணம் இருந்தும் தேய்க்க வழியில்ல. இலங்கை அத்தனை அடி வாங்கியும் 2024ல 20 லட்சம் பேர வரவெச்சுருக்குது, அதுல மொத எடம் நம்ம இந்தியாக்காரங்களுக்குத்தானுங்கறது வேற விஷயம்.

கோவளத்துக்கு ஆளு மாறறது புதுசும் இல்லீங்க. மொதல்ல திருவிதாங்கூர் ராணி சேது லட்சுமி பாய் 1930கள்ல அங்க கடலோரமா அரண்மனை கட்டுனாங்க, அப்ப அது ராஜ குடும்பத்து எடம். 70கள்ல ஹிப்பிக வந்தாங்க, மீனவர் ஊட்டுத் திண்ணையில வாடகைக்குத் தங்குனாங்க, அந்தச் சமயத்துலதான் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா டிசைன்ல மத்திய அரசோட ஐடிடிசி ஹோட்டலும் வந்துச்சு. அப்புறம் சார்ட்டர் பிளைட்ல மொத்தமா எறங்கற கூட்டம், அப்புறம் எண்ணெய் தேச்சுக்க வர்ற ஆயுர்வேதக் கூட்டம். இப்ப நாம. ஒரு சுத்து மாறறப்பவெல்லாம் முந்தின சுத்துல பொழைச்சவங்க ஊரே போச்சுன்னுதான் சொல்லுவாங்க.

லைட்ஹவுஸ் பீச் ஓரமா நடந்து பாத்தா இந்த மாத்தம் போர்டுலயே தெரியும். சாயங்காலமானா ஐஸ் மேல மீனப் பரப்பி வெச்சு, புடிச்சதக் காட்டுங்க பொரிச்சுத் தர்றோம்ங்கறது அப்படியே இருக்குது, ஆனா மெனு கார்டுல பான்கேக், ஆம்லெட் டோஸ்ட்னு இருந்த பக்கத்துக்கு மேலயே இப்ப வெஜ் மீல்ஸ், மசால் தோசை, ஜெயின் தாலி வரைக்கும் ஏறியிருக்குது. முந்தி ஒரு வெள்ளக்காரர் காலையில ஒரு காபி வாங்கி வெச்சுட்டு மத்தியானம் வரைக்கும் புஸ்தகம் படிப்பாரு, கடைக்காரரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நம்மாளுக எட்டுப் பேரு வந்து மூணு டேபிள இழுத்துப் போட்டு, அரைமணி நேரத்துல சாப்பிட்டு, பில்லுல சர்வீஸ் சார்ஜ் எதுக்குன்னு சண்டை போட்டுட்டுக் கெளம்பிருவோம். யாரு தேவலைன்னு கடைக்காரரத்தான் கேக்கணும், நான் கேட்டவரு சிரிச்சுட்டு உள்ள போயிட்டாரு.

திருப்பூர்ல சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வெச்சுருக்கேன். என் மச்சான் கோவளத்துல ஆறு ரூம் இருக்கற லாட்ஜ லீசுக்கு எடுத்து நடத்தலாம்ங்கறாரு, வருஷா வருஷம் கூட்டம் ஏறுதேங்கறாரு. பணம் போடலாமுங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

மச்சான் சொல்ற எண்ணிக்கை நெசம்தானுங்க, ஆனா அது தலைக்கணக்கு, லாட்ஜ்காரருக்கு வேணும்ங்கறது ராத்திரிக் கணக்கு. முந்தி ஒரு வெள்ளக்கார ஜோடி இருவது ராத்திரி ஒரே ரூம்ல கெடக்கும்னு வெச்சுக்குங்க, கவர்மென்ட் கணக்குல அது ரெண்டு பேரு. அதே ரூம்ல அதே இருவது ராத்திரிய, ரெண்டு ராத்திரி தங்கற குடும்பத்த வெச்சு நெரப்பணும்னா பத்துக் குடும்பம் வேணும், வீட்டுக்கு நாலு பேருன்னா நாப்பது பேரு. கணக்குல ரெண்டு நாப்பதாயிருச்சு, பேப்பர்ல இருவது மடங்கு வளர்ச்சி, ரூம் ஓடுனது என்னமோ அதே இருவது ராத்திரிதான். நடுவுல பத்துத் தடவை பெட்ஷீட் தொவைக்கணும், பத்துத் தடவை ஆப்காரனுக்குக் கமிஷன் அழுவணும், எக்ஸ்ட்ரா மெத்தை கேப்பாங்க, பாத்ரூம்ல மணலு அடைச்சுக்கும். போதாததுக்கு பத்துக் குடும்பமும் சனி ஞாயிறுலயே வந்து நிக்கும், செவ்வாக்கெழமை ஆறு ரூமும் காலியா இருக்கும். திருப்பூர்க்காரருக்கு இதச் சொல்லித் தரணுமா, பீஸ் ரேட்டு எறங்கி பீஸ் எண்ணிக்கை மட்டும் ஏறுன ஆர்டர் மாதிரிதான்.

இந்த எண்ணிக்கையே எப்படி வருதுன்னும் தெரிஞ்சுக்குங்க. வெளிநாட்டுக்காரர் தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள லாட்ஜ்காரரு அவரு விவரத்த ஆன்லைன்ல ஏத்தணும், அதனால அந்தக் கணக்கு ஓரளவுக்குக் கெட்டி. உள்நாட்டுக் கணக்கு ஆளுக்கணக்கு இல்ல, வந்து போன தடவைக் கணக்கு, ஒரே குடும்பம் மூணாறு, ஆலப்புழை, கோவளம்னு மூணு எடத்துல தங்குனா மூணு தடவை ஏறிக்கும். மாநிலத்துக்கு மாநிலம் எண்ணற விதமும் வேற, 2023ல தமிழ்நாட்டுக்கு 28 கோடிக்கு மேல உள்நாட்டுப் பயணம்னு கணக்கு, பழனிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போறதெல்லாம் சேந்துதான் அப்படி வருது, அதக் கேரளாவோட 2 கோடியப் பக்கத்துல வெச்சுப் பாத்து என்ன பண்றது.

அதனால மச்சான்கிட்ட கேக்க வேண்டியது, போன ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வாரநாள்ல எத்தனை ரூம் போச்சுங்கறதுதான். பழைய ஓனரோட புக்கிங் ரிஜிஸ்டரக் கையில வாங்கிப் பாருங்க, காட்ட மாட்டேன்னா அங்கயே பதில் கெடைச்சுருச்சு. அப்புறம் கட்டடம் சிஆர்இசட்டுங்கற கடலோரக் கட்டட விதிக்குள்ள வருதா, உள்ளாட்சி லைசென்ஸ் இருக்குதான்னு வக்கீல வெச்சுப் பாருங்க. கடலோர விதி மீறல்னு சொல்லி 2020 ஜனவரியில கொச்சி மரடுல அடுக்குமாடியவே வெடி வெச்சுத் தகர்த்ததையெல்லாம் டிவியில நாம எல்லாரும் பாத்தோம். என்னயக் கேட்டா மொத வருஷம் லீசு வேண்டாம், வருமானத்துல பங்குன்னு பேசிப் பாருங்க.

நாங்க பொம்பளைக மட்டும் குரூப்பா போலாம்னு இருக்கோம். தண்ணியில எறங்குனா போன எடுத்துட்டு நிக்கறாங்கன்னு சொல்றாங்களே, பயமில்லீங்களா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

நிக்கறாங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. வெள்ளக்காரப் பொண்ணுகளோட செல்ஃபி எடுக்கணும்னு பின்னாலயே போறது, படுத்திருக்கறவங்கள ஜூம் பண்ணி வீடியோ எடுக்கறது, இதெல்லாம் வெளியூர்ல இருந்து வேன்ல எறங்கற நம்ம பசங்க செய்யற வேலைதான். வெள்ளக்காரக் கூட்டம் கோவளத்துல கொறஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கறேன். வடக்கால இருக்கற வர்க்கலை பீச் பக்கமாப் போனவங்கள்ல பாதிப் பேரு நிம்மதியாக் கெடக்கலாம்னுதான போனாங்க. 2018ல லாட்வியாவுல இருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு பொண்ணு கோவளத்துப் பக்கம் கொலையாகி, 2022 டிசம்பர்ல ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை ஆச்சு, அந்தப் பேரு இன்னும் ஊரு மேல ஒட்டிட்டுத்தான் இருக்குது.

ஆனா உங்களுக்குச் சொல்றது, குரூப்பா தாராளமாப் போங்க. லைட்ஹவுஸ் பீச்சுல லைஃப்கார்டு இருக்கற பக்கமா எறங்குங்க, போன நீட்டறவன அவருகிட்டயே காட்டிக் குடுங்க, அவரு ஊதற விசில் கடலுக்கு மட்டுமில்ல. பொழுது எறங்குனப்புறம் தனியா பாறைப் பக்கம் போகாதீங்க. செவப்புக் கொடி இருந்தா தண்ணியிலயே எறங்க வேண்டாம், அங்க உள்ளிழுப்பு ஜாஸ்தி.

தாஜ்மகாலவிட மகாபலிபுரத்துக்குத்தான் வெளிநாட்டுக்காரங்க ஜாஸ்தின்னு வாட்சப்ல வருதே, நெசமா?
– ஒரு வாசகர், சத்தியமங்கலம்

ஒரு வருஷத்துக்கு நெசம். 2021-22ல டிக்கெட் போடற தொல்லியல் துறை எடங்கள்ல மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க 1.45 லட்சத்துக்குப் பக்கம், தாஜ்மகாலுக்கு 39 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அது கொரோனா வருஷம், டெல்லியில வந்து எறங்கற டூரிஸ்டே இல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கற கொரியாக்காரரும் ஜப்பான்காரரும் ஞாயித்துக்கெழமையானா ஈசிஆர்லதான் வண்டிய விட்டிருப்பாங்கங்கறது என்னோட கணிப்பு. அந்த ஒரு வருஷத்த வெச்சு வருஷா வருஷம் ஸ்டேட்டஸ் போடறதுதான் தாங்கல.

கூட்டம் இல்லாம, செலவும் கம்மியா கோவளம் போக எந்த மாசமுங்க நல்லது? பெரியவங்களும் வர்றாங்க.
– ஒரு வாசகர், காங்கயம்

டிசம்பர் கடைசி பத்து நாளு, ஓணம், பூஜா லீவு, இந்த மூணையும் விட்டுருங்க. ஏப்ரல், மே மாசத்துல வெயிலோட சேந்து கள்ளக்கடல்னு ஒண்ணு வரும், காத்தே இல்லாம திடீர்னு அலை ஏறி வந்து செருப்பையெல்லாம் எடுத்துட்டுப் போயிரும். பெரியவங்களுக்கு ஆடி மாசம்தான் என்னோட சாய்ஸ், மலையாளத்துக்காரங்களுக்கு அது கர்க்கடகம், வைத்தியசாலையில எண்ணெய்ச் சிகிச்சையெல்லாம் அந்த மாசந்தான் விசேஷம், ரூம் வாடகையும் எறங்கியிருக்கும். கடல்ல குளிக்க முடியாது, ஜன்னல்ல உக்காந்து மழை பாக்கலாம். குளிச்சே ஆகணும்னு பசங்க அடம் புடிச்சா ஜனவரி கடைசியில, பொங்கலும் குடியரசு தினமும் முடிஞ்ச வாரநாளாப் பாத்துப் போங்க.

பெங்களூர்ல இருந்து கன்னியாகுமரி போற ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஈரோடு, திருப்பூர், கோவை வழியாத்தான் போகுது, திருவனந்தபுரத்துல எறங்கி கிழக்கே கோட்டைங்கற (ஈஸ்ட் ஃபோர்ட்) எடத்துல பஸ் ஏறுனா கோவளம் 16 கிலோமீட்டர் சுமார்தான். ரூம மட்டும் பீச்சுக்கு எறங்கற படிக்கட்டுக்கு மேல எடுத்துராதீங்க, ஆப்ல சீ வியூன்னு போட்டிருக்கும், படி எத்தனைன்னு போட்டிருக்காது, போன்லயே கேட்டுக்குங்க.