மோர்ஓவர் மோகம்: பட்டியலை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

கேள்வி: மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறேன். இணைப்புச் சொற்களை ஒரு நீண்ட பட்டியலாகக் கொடுத்தேன். இப்போது எல்லா வாக்கியமும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' என்றே தொடங்குகிறது. கட்டுரை என்னவோ முன்பைவிட மோசம். என்ன செய்யலாம்?

பதில்: கோளாறு அந்தப் பட்டியலில்தான். 'கூடுதலாக' என்ற தலைப்பின்கீழ் ஆறு சொற்களை அடுக்கிவிட்டால், எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். 'கைபேசி படிப்புக்கு உதவுகிறது. மோர்ஓவர், அது தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று எழுதுபவருக்குச் சொல் தெரிந்திருக்கிறது. இரண்டு வாக்கியமும் எதிரெதிராகப் போகின்றன என்பதுதான் உறைக்கவில்லை. 'மோர்ஓவர்' வர வேண்டுமானால் இரண்டாவது வாக்கியம் முதலாவதன் பக்கமே நின்று வாதத்தை வலுவாக்க வேண்டும்.

ஆகவே முதலில் உறவு, பிறகு சொல். நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தியை எடுத்து, இணைப்புச் சொற்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் என்ன தொடர்பு? காரணமா, விளைவா, மறுப்பா, உதாரணமா? ஓரத்தில் தமிழிலேயே எழுதட்டும். அதன்பிறகுதான் ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். சில இடங்களில் எதுவுமே தேவைப்படாது. அதைக் கண்டுபிடிப்பதும் பாடம்தான்.

சொற்களை எடுக்கும்போது, குழப்பும் ஜோடிகளாக எடுங்கள். 'ஆன் த கான்ட்ரரி', 'ஆன் த அதர் ஹேண்ட்' இரண்டையும் பாருங்கள். 'தேர்வு சுலபமாக இல்லை. ஆன் த கான்ட்ரரி, திணறடித்துவிட்டது' என்பது சரி. சுலபம் என்ற கருத்தை அது மறுக்கிறது. 'அண்ணன் அதிகம் பேசுவான். ஆன் த கான்ட்ரரி, தம்பி வாயே திறக்க மாட்டான்' என்பது தவறு. இங்கே மறுப்பு இல்லை, இருவரை ஒப்பிடுவதுதான் நடக்கிறது. 'ஆன் த அதர் ஹேண்ட்' போதும். இந்த இரண்டைப் பிரித்தறிய ஒரு வகுப்பு முழுவதும் செலவானாலும் நஷ்டமில்லை.

நிறுத்தற்குறியையும் விடாதீர்கள். 'பட்' இரு வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கும். 'ஹவ்எவர்' சேர்க்காது, அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், வெறும் கால்புள்ளி போதாது. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தில் மறுபடி 'பட்' வேண்டாம்.

பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஓர் உத்தி உண்டு: 'திஸ்' என்பதோடு ஒரு பெயர்ச்சொல். ரயில் தாமதமானதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அடுத்ததை 'திஸ் டிலே' என்று தொடங்கினால் இணைப்பு தானாக விழுந்துவிடும். என்னைக் கேட்டால் 'ஃபர்தர்மோர்' கற்பிப்பதைவிட இதற்கே முன்னுரிமை தருவேன்.

தேர்வில் மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், எழுத்துப் பகுதியின் நான்கு அளவுகோல்களில் ஒன்று கோர்வை. அதில் 6-ஆம் பேண்டுக்கான (மதிப்பெண் படிநிலைக்கான) விவரிப்பிலேயே, இணைப்புகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் எழுத்து இயந்திரத்தனமாகிவிடலாம் என்று குறை சொல்லப்பட்டிருக்கிறது.

கட்டுரை திருத்தும்போது 'லிங்கிங் வேர்ட்ஸ் போடு' என்று எழுதாதீர்கள். 'இதற்கும் மேல் வரிக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டு எழுதுங்கள்; பதிலை மாணவரே அடுத்த வரைவில் காட்டட்டும்.