யாங்கோன் அருகே தன்லின் வீட்டு வேலி: மரக்காலுக்குச் சிமெண்ட் போடலாமா?

அண்ணே, மூங்கில் வேலி மழைக்கு மழை சாய்கிறது, இந்தத் தடவை மரக்கால் நட்டு அடியில் சிமெண்ட் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சாய்ந்த காலில் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். புதைந்திருந்த நுனி பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். தரையை ஒட்டிய நாலு விரல் இடம்தான் விரலால் குத்தினாலே உதிரும். ஈரமும் காற்றும் சேர்ந்து படுவது அங்கேதான். சிமெண்ட் போட்டால் மரம் சுருங்கி ஓர் இடுக்கு விழும், மழைத்தண்ணீர் அதில் கிண்ணம் போலத் தேங்கும்.

கான்கிரீட் கால் வாங்குங்கள். கறையானும் தொடாது. தரைக்கு மேல் 5 அடி வேண்டுமென்றால் ஏழரை அடிக் கால், இரண்டரை அடி பள்ளம். 8 அடிக்கு ஒன்று போதும். மூலைக்கால்களுக்கு மட்டும் சாய்வாக முட்டு கொடுங்கள். கால்களுக்கிடையே கம்பி வலையை இழுத்துக் கட்டும்போது பாரமெல்லாம் அவற்றின்மேல்தான். நான் முதல் தடவை முட்டு கொடுக்காமல் விட்டுவிட்டு, மூலை உள்பக்கம் சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன்.

வலை நாகமுலாம் (துத்தநாகப் பூச்சு) பூசியதாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரை நிற்க வைத்து, எல்லையில் கயிறு பிடித்த பிறகே பள்ளம் தோண்டுங்கள். மே மாதம் மழை பிடித்துவிட்டால் பள்ளத்தில் தண்ணீர்தான் நிற்கும், அதற்குள் முடித்துவிடுங்கள். மூங்கில் ஆசை விடவில்லையா? சரி, தட்டியை வலைமேல் கட்டிக்கொள்ளுங்கள், மண்ணைத் தொடாமல் ஒரு சாண் மேலே.